தனித் தீவில் ஒரு தையற்காரி

வீட்டில் தன்னந்தனியாக ஓர் இரவைக் கழித்திருக்கிறீர்களா? "ஓ, எத்தனையோ தடவை!" என்று சிலர் சொல்வீர்கள். மற்றவர்கள் என் கட்சி.

வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த ஓர் இரவு, சமையலறையில் 'டங்' என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் வருவதற்கே எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. கையில் துடைப்பக் கட்டையுடன் போய் விளக்கைப் போட்டால், பால் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனை, 'இந்த நேரத்தில் உனக்கென்ன இங்கே வேலை?' என்பது போல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது!

அப்புறம் தூக்கம் எங்கே வரும்? விடியும் வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது ஏடா பிளாக்ஜாக் என்ற ஒருத்தியைப் பற்றித்தான். அவளுக்கும் ஒரு பூனைதான் துணை. ஆனால் அவள் இருந்த இடத்தில் தாழ்ப்பாள் போடக் கதவு கிடையாது; கூப்பிட்டால் வர அண்டை அயல் கிடையாது. கூடாரத்துக்கு வெளியே உலாவியவையோ பனிக்கரடிகள்! இது கட்டுக்கதை அல்ல, நடந்த சங்கதி.

ஏடா 1898-ஆம் வருஷம் அலாஸ்காவில் பிறந்தவள். எஸ்கிமோக்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்களில் இனுபியாட் என்ற இனத்தைச் சேர்ந்தவள். அப்படியானால் வேட்டையும் வில்லுமாக வளர்ந்திருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். நோம் என்ற ஊரில் பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில் அவள் கற்றதெல்லாம் தையல், சமையல், கொஞ்சம் எழுதப் படிக்க, அவ்வளவுதான். வேட்டைக்கும் அவளுக்கும் வெகு தூரம். பனிக்கரடி என்றாலோ குலை நடுக்கம்.

சின்ன வயதிலேயே கல்யாணம். மூன்று குழந்தைகள் பிறந்து இரண்டு இறந்து போயின. புருஷனும் கைவிட்டுவிட்டான். மிஞ்சியது ஐந்து வயதுப் பையன் பென்னட் ஒருவன்தான். அவனுக்கும் க்ஷய ரோகம். பையனை நடக்க வைத்தும், அவன் களைத்தபோது தூக்கிச் சுமந்தும், நாற்பது மைல் நடந்தே நோம் நகருக்கு வந்து சேர்ந்தாள் ஏடா. வைத்தியத்துக்குக் கையில் பணம் இல்லை. ஆகவே பெற்ற மகனை அனாதை விடுதியில் விட்டாள். 'பணம் சேர்த்துக்கொண்டு வந்து அழைத்துப் போகிறேன்' என்பதுதான் அந்தத் தாயின் சங்கற்பம்.

அந்தச் சமயத்தில் ஒரு வேலை வந்தது. ஸைபீரியாவுக்கு வடக்கே, உறைந்த கடலின் நடுவில், ராங்கல் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கொடி நாட்டிக் குடியிருக்க நாலு வாலிபர்கள் புறப்பட்டார்கள். அவர்களை அனுப்பியவர் ஸ்டெபான்சன் என்ற பிரபல யாத்திரிகர். துருவப் பிரதேசம் மனிதனுக்குச் சிநேகமானது என்று புத்தகமே எழுதியவர். ஆனால் இந்தப் பிரயாணத்துக்கு அவர் போகவில்லை! தோலாடை தைக்க ஒரு தையற்காரி தேவைப்பட்டாள். மாதம் 50 டாலர் சம்பளம். அந்தக் குளிரில் சட்டையில் ஒரு தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

கூட வருவதாகச் சொன்ன மற்ற எஸ்கிமோக் குடும்பங்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டன. நாலு அந்நிய ஆண்களுடன் ஒற்றைப் பெண்ணாகப் போவதா? ஏடாவும் தயங்கத்தான் செய்தாள். பென்னட்டின் முகம் கண் முன்னே நின்றது. கப்பலேறிவிட்டாள். 1921 செப்டம்பரில் ஐந்து பேரும் தீவில் இறங்கினார்கள். கூடவே விக் என்ற பூனைக்குட்டியும்.

கொண்டு போனது ஆறு மாதத்துக்கான ஆகாரம். மீதிக்கு வேட்டை இருக்கிறது, அடுத்த கோடையில் கப்பல் வரும் என்று நம்பிக்கை. 1922-ல் கப்பல் புறப்படத்தான் புறப்பட்டது. ஆனால் பனிக்கட்டி வழியை அடைத்ததால் பாதியிலேயே திரும்பிவிட்டது. தீவில் வேட்டையும் குறைந்தது. 1923 ஜனவரியில், உதவி தேடி ஸைபீரியாவுக்குப் போகிறோம் என்று மூன்று பேர் உறைந்த கடலின் மேல் நடந்து சென்றார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

நாலாவது ஆளான நைட், ஸ்கர்வி என்ற நோயால் எழுந்து நடமாட முடியாமல் படுத்துவிட்டான். பச்சைக் காய்கறி, பழம், புது மாமிசம் எதுவும் இல்லாமல் போனால் வருகிற நோய் அது. அவனைப் பார்த்துக்கொள்ள ஏடா ஒருத்திதான்.

அன்று முதல் அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். விறகு வெட்டுவது அவள். பொறி வைப்பது அவள். நோயாளியின் காலடியில் சூடான மணல் மூட்டை வைப்பதும், மலஜலம் எடுத்துக் கொட்டுவதும் அவள்தான். பல நாள் வெறும் பொறியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு, பிப்ரவரியில் முதல் நரி சிக்கியது. நைட்டோ நோயின் வேதனையில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான். இறந்து போன அவள் குழந்தைகளைக்கூடச் சொல்லிக் காட்டினான். நாலு ஆண்கள் செய்த வேலையை ஒரு பெண் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இவன் நினைத்துப் பார்க்கிறானா என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். எழுதிவிட்டு, மறுபடி அவனுக்கே கஞ்சி காய்ச்சினாள்.

அந்த நாட்குறிப்பில் ஓர் இடம் என் மனத்தைப் பிசைந்தது. தான் செத்துப்போனால் தன் பொருள்களை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். பெரிய சொத்தா என்ன? பென்னட்டின் புத்தகப் பைக்கு ஒரு கறுப்பு வார். அதை அவனிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள். மகன் பிழைப்பான், பள்ளிக்கூடம் போவான், பை மாட்டுவான் என்று அந்தப் பனிக்காட்டிலே உட்கார்ந்துகொண்டு ஒரு தாய் நம்பியிருக்கிறாள் அல்லவா!

ஜூன் மாதம் நைட் கண்ணை மூடினான். உடலை அப்புறப்படுத்த அவள் உடம்பில் தெம்பு இல்லை. மிருகங்கள் அண்டாதபடி பெட்டிகளை அடுக்கி மறைத்துவிட்டு, சாமான் வைத்திருந்த கூடாரத்துக்குக் குடி போனாள்.

இனி மனிதக் குரல் கிடையாது. பூனையும் அவளும்தான். உட்கார்ந்து அழுதாளா? அழுதுமிருப்பாள். ஆனால் அழுதுகொண்டே குடித்தனத்தை ஒழுங்கு செய்தாள்! காலிப் பெட்டிகளை அடுக்கி அலமாரி ஆக்கினாள். படுக்கைக்கு மேலே துப்பாக்கி மாட்ட ஒரு தாங்கி வைத்தாள். கரடி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டுமென்று உயரமாக ஒரு பரண் கட்டினாள். சுட்டுப் பழகினாள். குறி தவறியது, மறுபடியும் தவறியது. கடைசியில் சீல் ஒன்று விழுந்தது. பறவை முட்டைகள் சேகரித்தாள். கரையொதுங்கிய மரத்தைக் கொண்டு ஒரு படகுகூடச் செய்தாள். இத்தனைக்கும் நடுவில் கையுறை பின்னினாள். போனவர்கள் விட்டுச் சென்ற காமிராவில் தன்னைத்தானே படமும் எடுத்துக்கொண்டாள்.

இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம். 1923 ஆகஸ்டில் ஒரு நாள் கப்பல் வந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்கள். இருந்தது அவள் ஒருத்தியும் பூனையும்தான்.

பத்திரிகைகள் 'பெண் ராபின்சன் குரூசோ' என்று கொண்டாடின. பிறகு, நைட்டை அவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு பழியும் கிளம்பியது. ஊர் வாய் எந்த ஊரிலும் ஒன்றுதானே? அவளுக்காகப் பேசியவர்கள் யார் தெரியுமா? நைட்டின் பெற்றோரேதான். அவளை நேரில் கண்டு கேட்டபின், எங்கள் மகனுக்கு அவள் முடிந்ததையெல்லாம் செய்தாள் என்று சொன்னார்கள்.

சம்பளத்தில் பேசியபடி முழுப் பணம் அவள் கைக்கு வரவில்லை. வந்ததைக் கொண்டு பென்னட்டை அனாதை விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு, ஸியாட்டில் நகரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனாள். பையன் பிழைத்து வளர்ந்து பெரியவனானான். ஏடா 1983 வரை வாழ்ந்து, 85-ஆம் வயதில் காலமானாள்.

அந்தக் கூட்டத்தில் வேட்டை தெரிந்தவர்கள் இருந்தார்கள். துருவப் பிரதேசத்தை முன்பே பார்த்தவர்களும் இருந்தார்கள். ஊசி நூலோடு போனவள் ஒருத்திதான் திரும்பி வந்தாள். அதிர்ஷ்டமும் கை கொடுத்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருப்பதை எண்ணிப் பார்த்துச் செலவழிப்பது, கிழிந்ததை அன்றைக்கே தைப்பது, தெரியாத வேலையானால் தப்புத் தப்பாகச் செய்தாவது கற்றுக்கொள்வது, இவையெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? இதற்கெல்லாம் நம் வீடுகளில் யாராவது தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்களா?

ஏடாவுக்குப் பயம் போகவில்லை, சகோதரிகளே. கரடிப் பயம் கடைசி வரை இருந்தது. அதனால்தான் பரண் கட்டினாள்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் படுக்கப் போகும் முன் பால் பாத்திரத்தின் மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுகிறேன்!