சைலன்சருக்கு வெப்பப் பூச்சு: போடலாமா, வேண்டாமா?

பழைய காரை விடாமல் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். புகைக்குழாய் இற்றுவிட்டது. கம்பெனி சாமான் கிடைப்பதில்லை. வெளியில் செய்து விற்கும் மேனிஃபோல்டையும் சைலன்சரையும்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரர், "சார், இதுக்கு மேல செராமிக் ஹீட் கோட்டிங் போட்டுட்டா ஆயுசுக்கும் கவலையில்ல" என்கிறார். பூச்சுக்குக் கேட்கும் தொகையோ சாமானின் விலையைத் தொட்டுவிடுகிறது. பென்ஷன்காரன் யோசிக்காமல் என்ன செய்வான்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினை ஒட்டியிருக்கும் மேனிஃபோல்டு புதிதாக இருந்தால் அதற்குப் பூச்சு போடுவதில் நியாயம் உண்டு. பின்னால் தொங்கும் சைலன்சருக்கு வேண்டாம்.

நான் கார் மெக்கானிக் இல்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். சூடான குழாயோடு வாழ்ந்தவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் 210 மெகாவாட் யூனிட்டில் டர்பைனுக்குப் போகும் நீராவி சுமார் 540 டிகிரி. அந்தக் குழாயைச் சுற்றி கனமாக இன்சுலேஷன் இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இன்சுலேஷன் குழாயைக் காப்பாற்றுகிறது என்று நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. வெளியே போகிற சூட்டைத் தடுத்துவிட்டால் குழாயின் இரும்பும் கிட்டத்தட்ட நீராவியின் சூட்டுக்கே வந்துவிடும். அதனால்தான் அங்கே சாதாரண இரும்பைப் போடாமல் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உலோகத்தைப் போடுகிறார்கள். இன்சுலேஷன் காப்பாற்றுவது சூட்டையும் பக்கத்தில் நிற்கும் மனிதனையும்தான்.

காருக்கும் இதே கணக்குதான். பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது வாயிலில் வரும் புகை 700, 800 டிகிரி வரை போகும். குழாய்க்கு வெளியே மட்டும் பூச்சு போட்டால் பானெட்டுக்குள் சூடு குறையும், ஆனால் இரும்பு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காயும். உள்ளேயும் போட்டால்தான் இரும்புக்கும் காப்பு. ஆகவே மேனிஃபோல்டுக்குப் பூச்சு போடுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உள்ளேயும் போடுவீர்களா?" என்பது. அவர் மழுப்பினால் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மேனிஃபோல்டுக்கு ஏன் நியாயம் என்கிறேன்? பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்த 1489 சிசி இன்ஜினில் கார்புரேட்டரும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. சித்திரை வெயிலில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது என்று பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டு, மரநிழலில் கால் மணி நேரம் காத்திருந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அந்த இடத்தில் சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடக்கி வைத்தால் பலன் கண்கூடு. ஒயர், ரப்பர் குழாய் எல்லாம் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். பந்தயக் காருக்குப் போடுகிறவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. புகை சூடு குறையாமல் இருந்தால் வேகமாக வெளியேறும் என்பார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அது உதவலாம். மீன் வாங்கப் போகிற வண்டிக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இனி சைலன்சருக்கு வருவோம். அது கெட்டுப்போவது சூட்டினால் அல்ல, தண்ணீரால். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பலருக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்குழாயில் சொட்டுகிறதே, அது இந்தத் தண்ணீர்தான். வண்டி நெடுந்தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடாகி அத்தனையும் ஆவியாகப் போய்விடும். நம் வண்டி எங்கே ஓடுகிறது? வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து கோயிலுக்கு. சைலன்சர் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் கூட்டி முடித்த சைலன்சருக்குள் ஒழுங்காகப் பூச்சு ஏற்றவும் முடியாது. வெளியே எத்தனை பளபளப்பாக இருந்து என்ன?

இதில் இன்னொரு வேடிக்கை. சில சைலன்சர்களின் அடியில், அந்தத் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளை விட்டிருப்பார்கள். அதைத் துருப்பிடித்த ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. பூச்சு போடும்போதும் அது அடைபட்டுப் போகலாம். பிறகு சைலன்சர் தண்ணீர்த் தொட்டிதான்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. இந்த விஷயத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவர், அவருடைய அப்பா வாங்கிய அம்பாசிடரை இன்றும் வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போனார். பின்சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தலைவலி, வாந்தி. வெயில், பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினார். திரும்பும்போதும் அப்படியே. "அண்ணாச்சி, வண்டி அடியில கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் வந்தார். குனிந்து பார்த்தேன். ஒரு பட்டறையில் புகைக்குழாய் முழுவதும் வெள்ளி நிறப் பூச்சு அடித்துப் புதிதுபோல் ஆக்கியிருந்தார்கள். இணைப்புத் தட்டின் அருகே மட்டும் கோடாகக் கரி படிந்திருந்தது. அங்கே விரிசல். அதற்கு நேர் மேலே தரைத்தகட்டில் துரு தின்ற ஓட்டை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிப் போகிற பிள்ளைகளுக்கு அது எமன். இணைப்பை மாற்றி, தரையை அடைத்த பிறகு பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அன்று அந்தக் குழாய்க்குத் தேவைப்பட்டது ஐம்பது ரூபாய் கேஸ்கெட்டும் ஒழுங்கான வெல்டிங்கும். கிடைத்தது அலங்காரம்.

ஆகவே, புகைக்குழாய்க்கென்று ஒதுக்கிய பணத்தை நான் இந்த வரிசையில் செலவழிப்பேன். முதலில் கேஸ்கெட், இணைப்புகள், குழாயைத் தாங்கும் ரப்பர்கள், வண்டியின் தரை. அடுத்தது உலோகம். எம்.எஸ். தகட்டில் செய்து பூச்சு போட்ட சைலன்சரைவிட, பூச்சே இல்லாத எஸ்.எஸ். சைலன்சர் நம் கடற்கரைக் காற்றுக்கு மேல். இரண்டுக்கும் பிறகு கையில் மிச்சமிருந்தால் புது மேனிஃபோல்டுக்குப் பூச்சு. அதையும் வண்டியில் மாட்டுவதற்கு முன்பே போட வேண்டும். ஓடி எண்ணெய்யும் கரியும் ஏறிய குழாயில் பூச்சு பிடிக்காது. மணல் அடித்துச் சுத்தம் செய்யலாம் என்பார்கள். துரு தின்று மெலிந்த தகட்டில் மணல் அடித்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

செய்யக் கூடாதவை மூன்று. ஒன்று, மலிவு என்று ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வளைத்துப் புகைக்குழாய் ஆக்குவது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். அதை வெல்டிங் வைக்கும்போது வரும் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். இரண்டு, சூடு தாங்கும் நாடாவை எம்.எஸ். குழாயில் சுற்றுவது. எங்கள் நிலையத்தில் இன்சுலேஷனுக்குள் தண்ணீர் புகுந்த இடமெல்லாம் அடியில் குழாய் அரித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மழைநீரும் உப்புக்காற்றும் ஏறிய நாடாவுக்குள்ளும் அதுவே நடக்கும். எண்ணெய் ஊறினால் தீப்பிடிக்கவும் செய்யும். மூன்று, சைலன்சரை எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டுவது. சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அதைவிட, தெருவில் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பூச்சு போடுகிற தொழிலை நான் குறை சொல்லவில்லை. சரியான இடத்தில், சரியான ஆள் போட்டால் அது நல்ல சாமான். எதற்காகப் போடுகிறோம் என்று கேட்காமல் போடுவதுதான் பிடிக்கவில்லை. கடைக்காரர் பூச்சைப் பற்றிப் பேசும்போது நீங்கள் கேஸ்கெட்டைப் பற்றிக் கேளுங்கள்.

சைலன்சருக்கு நான் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். வாரம் ஒரு முறை வண்டியை எடுத்து, சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் திருச்செந்தூர் வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் காய்ந்துவிடும். முருகனையும் பார்த்த மாதிரி இருக்கும்.