வானத்தில் ஒரு புள்ளி

மாணவி ஒருவர் தமது கவலையைக் கடிதமாக எழுதியுள்ளார். கனடாவிலிருக்கும் தமையனார் அனுப்பிய டிஜிற்றல் கமராவினால் அவர் எடுக்கும் படங்களில், வானம் வருமிடத்தெல்லாம், வலப்புற மேல்மூலையிலே ஒரு கரும்புள்ளி காணப்படுகின்றதாம். ஆவணியில் தமக்கையாருக்குத் திருமணம். படம் பிடிக்கும் பொறுப்பும் அவருடையதே. கமரா பழுதாயிற்றோ, உள்ளே தாம் கைவைக்கலாமோ என்பது அவர் வினா.

பழுதன்று, தூசி. பிலிம் கமராவில் இத்தொல்லை குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் வந்து நிற்கும். விழுந்த தூசியும் அதனோடு சுருண்டு அப்பாற் போய்விடும். டிஜிற்றல் கமராவிலோ முதற்படத்தையும் பதினாயிரமாவது படத்தையும் ஏற்பது ஒரே ஒளியுணரி. சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் நின்று வில்லையைக் கழற்றி மாட்டுவோர், தூசியைத் தாமே உள்ளே அழைத்து வைக்கின்றனர்.

அத்தூசி எத்துணைச் சிறியது என்பதையும் நோக்குக. 23.5 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒளியுணரியில், அகலவாக்கில் 6,000 புள்ளிகள் அடங்குகின்றன. ஒரு புள்ளியின் பங்குக்கு வருவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு கூறே. மயிரிழை ஒன்று விழுந்தால் அதன் தடிப்பே பல புள்ளிகளை மறைத்துவிடும்.

எனினும் எல்லாப் படங்களிலும் அது தோன்றாததன் காரணம் யாது? தூசி படிவது ஒளியுணரியின்மேலன்று. அதன் முன்னே பதித்த மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல். சிறு குப்பிவிளக்கின் முன் விரலைப் பிடித்தால் சுவரிலே நிழல் கூர்மையாய் விழும். அகன்ற யன்னலின் முன் பிடித்தால் நிழல் கரைந்துபோம். அதுபோலவே வில்லையின் துவாரம் 16, 22 என ஒடுங்கும்போது தூசியின் நிழல் தெளிகின்றது, 2.8, 4 என அகலும்போது மறைகின்றது. மணவறையிலே பெரும்பாலும் அகன்ற துவாரத்தையே கையாள நேரும். ஆகவே நாள் நெருங்கிவிட்டதெனின், கமராவைத் தொடாது விடுவதே புத்தி என்பேன்.

அவகாசமிருப்பின் முதலிற் சோதனை செய்க. துவாரத்தை 22இல் வைத்து வெள்ளைச் சுவரொன்றைக் குவியம் கலைத்துப் படமெடுக்க. கை அசைந்தாலும் தீங்கில்லை. சுவரின் அழுக்குக் கலங்கிவிடும், தூசியின் நிழல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கமராவின் முகத்தை நேரே பார்ப்போர்க்குப் படத்தின் மேற்புறப் புள்ளி கீழ்ப்புறத்தில் இருக்கும். இடம் வலம் மாறாது.

தகட்டை அதிரச்செய்து தூசியை உதறும் அமைப்பு 2003இல் ஒலிம்பஸ் ஈ-1 கமராவில் வந்தது. பின்னர் வந்த கமராக்கள் பலவற்றில் அஃதுண்டு. முதலில் அதனை இயக்குக. போகாவிடின் றப்பர்க் குமிழ் ஊதியை எடுக்க. பற்றரி நிறைந்திருத்தல் வேண்டும். உள்ளே ஆடியுள்ள கமராவாயின் துப்புரவுக்கெனவுள்ள கட்டளையால் அதனை உயர்த்துதல் வேண்டும். இடையிற் பற்றரி ஓய்ந்தால் ஆடியும் திரையும் ஊதியின் மூக்கின்மேல் வந்து விழும். கமராவை முகங்குப்புறப் பிடித்து, மூக்கை உள்ளே நுழைக்காது, நாலைந்து முறை ஊதினாற் பெரும்பாலான தூசி விழுந்துவிடும். வாயால் ஊதலாகாது, எச்சில் தெறிக்கும். தகரப் பேணியில் அடைத்து விற்கும் காற்றும் ஆகாது; அதிலுள்ள திரவம் தகட்டிற் படிந்து கறையாகும்.

எம்மிடம் முன்னர் பயின்ற இளைஞர் ஒருவர், கடனுக்கு வாங்கிய கமராவினால் மணவீடுகளிற் படமெடுத்துப் பிழைப்பவர், கைக்குட்டையில் ஒடிக்கொலோன் நனைத்துத் துடைத்துவிட்டார். ஒரு மணற்றுகள் தகட்டில் வில்போலக் கீறிவிட்டது. தகட்டை மாற்றும் கூலி கமராவின் பாதி விலையை விழுங்கிற்று. அம்மாதத் தவணையும் தவறிற்று.

ஊதியும் போகாத பசைத்தூசிக்கே ஈரத்துடைப்பு. ஒளியுணரியின் அகலத்துக்கு ஏற்ற துடைப்பான்கள் உறையிலிட்டு விற்கப்படுகின்றன. அதற்கெனவுள்ள திரவத்தில் இரண்டு துளி விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருமுறை, திருப்பி மறுபக்கத்தால் ஒருமுறை, பின்பு எறிந்துவிடுக. ஒன்றை இருமுறை பாவிப்பது சிக்கனமன்று. முதல் தடவை எடுத்த மணலையே மீண்டும் தேய்ப்பதாகும். அத்திரவங்களுட் பல மெதனோல் கலந்தவை; மெதனோல் நஞ்சு, தீயும் பற்றும். சிறுவர் கைக்கு எட்டாது வைக்க. கை நடுங்குவோர் இவ்வேலையைப் பழக்கமுள்ள கடைக்காரரிடம் விடுவதே நன்று.

மீண்டும் சுவரைப் படமெடுத்துப் பார்க்க. ஓரத்தில் ஒரு புள்ளி எஞ்சியிருந்தால் அதனை விட்டுவிடலாம். கணினியில் ஒரு நொடியில் அழிந்துவிடும்.