பாட்டு முடிந்த பிறகு அப்பா

நம் சினிமாவில் அப்பாவுக்குப் பாட்டு இரண்டே இடத்தில்தான் கிடைக்கும். ஒன்று, பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்க்கும்போது. இன்னொன்று, பெண்ணைக் கல்யாணம் செய்து அனுப்பும்போது. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று யாரும் பாடுவதில்லை. நெய்வேலியில் என் வயதுக்காரர்கள் பலர் வாழ்வது அந்தப் பாட்டில்லாத பகுதியில்தான். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள்.

‘தங்க மீன்கள்’ (2013) படத்தில் அப்பா-மகள் பாட்டுக்காக நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. அருமையான பாட்டு. ஆனால் அந்த மகள் சின்னக் குழந்தை. மடியில் இருக்கிற பிள்ளையைப் பாடிவிடலாம். வளர்ந்து, தன் வழியில் போகிற பிள்ளையைப் பாடுவது கஷ்டம். ராதாமோகன் ‘அபியும் நானும்’ (2008) படத்தில் அதைத்தான் எடுத்துக்கொண்டார். பிரகாஷ்ராஜின் மகள் படிக்க டெல்லி போகிறாள், ஒரு சீக்கியப் பையனை மணக்க விரும்புகிறாள். அப்பா முறைக்கிறார், புலம்புகிறார், மெல்ல மெல்ல மாறுகிறார். நாமும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நம்மைப் பார்த்துக்கொள்கிறோம்.

‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ (1971) என்ற ஆங்கிலப் பாட்டுப் படத்தில் டெவியே என்று ஒரு ஏழைப் பால்காரர். மூத்த மகள் தானே தேர்ந்தெடுத்த தையல்காரனுக்குச் சம்மதிக்கிறார். இரண்டாவது மகளை ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்புகிறார். மூன்றாமவள் வேற்று மதத்தவனை மணந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனாலும் கடைசியில் வாய்க்குள்ளேயே ஒரு வாழ்த்தை முணுமுணுக்கிறார்.

அந்த முணுமுணுப்புகூட வராத அப்பாக்கள் உண்டு. நம் விருத்தாசலம் பக்கத்தில் 2003-ல் சாதி மாறி மணந்த இளம் ஜோடியை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் பெண்ணின் தகப்பனும் ஒருவர். ‘என் பெண்’ என்ற சொல்லில் பாசமும் இருக்கிறது, உடைமையும் இருக்கிறது. சினிமாப் பாட்டு இரண்டையும் ஒரே மெட்டில் போட்டுவிடுகிறது என்பதுதான் என் மனத்தாங்கல்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு விக்தோர் யுகோவின் ழான் வால்ழான் இன்னொரு பாடம். சுத்தானந்த பாரதியார் அந்த நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950-ல் பக்ஷிராஜா படமாக எடுத்தபோது நாகையா நடித்தார். பாரிசில் 1980-ல் மேடையேறிய இசை நாடகம் 2012-ல் சினிமாவாகவும் வந்தது. அதில் வளர்ப்பு மகளின் கல்யாணத்துக்கு முன்பே வால்ழான் விலகுகிறார், சீக்கிரமே சாகிறார். நாவலில் நடுவே ஒரு பகுதி உண்டு. கிழவர் தினமும் மகள் வீட்டை நோக்கி நடப்பார், வாசல்வரை போகமாட்டார். நாளுக்கு நாள் பாதி வழி, கால் வழி என்று குறைந்து, கடைசியில் வீட்டைவிட்டே கிளம்பமாட்டார். பாட்டுப் படம் அந்த நடையை விட்டுவிட்டது. எனக்கோ முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக வால்ழான் செய்தது சரி என்று சொல்லவில்லை. தாம் பாரம் என்று நினைத்துத் தாமே ஒதுங்கிப்போனார். மகளுக்கோ காரணம்கூடத் தெரியாது. பிள்ளையை விட்டுக்கொடுப்பது வேறு, ஒதுங்கிக்கொள்வது வேறு. இந்த டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் வைத்த மாமரம் அங்கேயே காய்க்கிறது, வேறு யாரோ பறிக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்க்கலாம், விசாரிக்கலாம். கேட்டைப் பூட்ட மட்டும் உரிமை கிடையாது.

போனில் பிள்ளையிடம் ‘எங்களை மறந்துட்டியா’ என்று ஆரம்பிக்காமல் ‘சாப்பிட்டியா’ என்று ஆரம்பிக்கிற ஓர் அப்பாவுக்கு எந்தக் கவிஞராவது ஒரு பாட்டு எழுதட்டும். கேட்க இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.