கருகின கத்தரியை யாரு காட்டுறாங்க?

போன வாரம் சென்னையில் இருக்கிற தங்கச்சி மகன் ஒரு யூடியூப் வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, ஒரே ஏக்கர் முருங்கையில லட்சக்கணக்குல வருதாம், நீங்களும் போடலாமே." பார்த்தேன். மரம் நல்லாத்தான் காய்ச்சிருக்கு. ஆனா பறிப்புக்கூலி எவ்வளவு, வரத்து கூடின மாசம் கிலோ என்ன விலைக்குப் போச்சு, அதெல்லாம் ஒரு வார்த்தை இல்லை.

யூடியூபே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லைங்க நான். 2018ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தப்ப எங்க பெரம்பலூர் பக்கம் அது என்ன புழுன்னே யாருக்கும் தெரியலை. தலையில தலைகீழா ஒய் எழுத்து மாதிரி ஒரு கோடு, வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி. இதை எனக்கு அடையாளம் காட்டினது செல்போன்தான். பேட்டரி ஸ்பிரேயர் நின்னுபோனப்ப கடையில "மோட்டாரையே மாத்தணும்"னாங்க. வீடியோவைப் பார்த்து நானே கழட்டினேன். வடிகட்டியில அடைப்பு, அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா மீன் அமிலம் போடப் பழகினதும் இப்படித்தான்.

அடியும் பட்டிருக்கேன். ரெண்டு வருசம் முன்னாடி "இயற்கை களைக்கொல்லி"ன்னு ஒரு வீடியோ. கோமியம், கல்லுப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சை. அடிச்ச மூணாம் நாள் கோரை கருகிக் கிடக்குது. களையெடுக்க ஆள் கிடைக்காத நேரம் வேற. கத்தரி வரிசைகளுக்கு நடுவுல மூணு தடவை அடிச்சேன். கோரை மேலே கருகிட்டு, பதினஞ்சு நாள்ல கிழங்கிலிருந்து மறுபடி முளைச்சு வந்துச்சு. கத்தரிதான் இலை ஓரம் தீய்ஞ்சு அப்படியே நின்னுபோச்சு. உப்பு என்ன, வெயில்ல காய்ஞ்சா பறந்து போற சாமானா? மண்ணுலயே தங்கும். முப்பது வருசமா விவசாயம் பார்க்கிற எனக்கு இது தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும். பேசினவர் அவ்வளவு உறுதியாப் பேசினாரு, நான் விழுந்துட்டேன்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம். முன்னாடியெல்லாம் கட்டைவிரலைக் கீழே காட்டினவங்க எத்தனை பேர்னு வீடியோவுக்கு அடியிலயே தெரியும். 2021 நவம்பர்ல அந்த எண்ணிக்கையை மறைச்சுட்டாங்க. இப்ப அது வீடியோ போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். கும்பலாச் சேர்ந்து சின்ன ஆளுங்களை மட்டம் தட்டுறாங்க, அதைத் தடுக்கத்தான்னு காரணம் சொன்னாங்க. அதுலயும் நியாயம் இருக்கும். ஆனா சினிமாப் பாட்டுக்கும் களைக்கொல்லிக்கும் ஒரே சட்டமா? பாட்டு பிடிக்கலைன்னா அடுத்ததுக்குப் போயிடலாம். எனக்கு முன்னாடி அடிச்சுப் பார்த்துக் கெட்டவன் எத்தனை பேர்னு தெரிஞ்சிருந்தா நான் உப்பு மூட்டையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்ப நான் பார்க்கிறது ரெண்டே விஷயம்தான். எந்த ஊரு, என்ன மண்ணு, எந்த மாசம்னு சொல்றாரா? ரெண்டு மாசம் கழிச்சு அதே வயல்ல நின்னு, வந்ததையும் வராததையும் காட்டுறாரா? அப்படிக் காட்டுறவங்களும் இருக்காங்க. அவங்க வீடியோவைத்தான் ஜனம் கம்மியாப் பார்க்குது. நகரத்துல இருந்து எங்களுக்கு வீடியோ அனுப்பி வைக்கிற நீங்களும் இதைக் கவனிச்சு அனுப்புங்க.

தங்கச்சி மகனுக்கு, "ஐப்பசி மழையில அந்த முருங்கைத் தோட்டத்தைக் காட்டச் சொல்லு, பூ நிக்குதான்னு பார்ப்போம்"னு பதில் போட்டேன். "அப்ப உங்க கத்தரியை நீங்க எடுத்துப் போடுங்க மாமா"ங்கிறான். அந்த மூலையில இப்ப தக்கைப்பூண்டு விதைச்சிருக்கேன். பூ எடுக்கிறப்ப மடக்கி உழணும். அன்னிக்கு போனை யாராவது பிடிச்சாங்கன்னா எடுக்கலாம்.