ஷோகேஸைப் படம் எடுத்தால் ஏன் சந்தேகம்?

“ஜிஎஸ்டியா மேடம்?” “எந்தச் சேனல்?” “எதிர்க்கடைக்காரர் அனுப்பினாரா?” அந்தமானில், போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு நேராகக் கேமராவைத் தூக்கினால் போதும், இந்த மூன்றில் ஒரு கேள்வி முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துவிடும். கேள்வி இந்தியில் தொடங்கும். என் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறும். “எதுக்கும்மா இதையெல்லாம் புடிக்கிறே? கடலைப் போய்ப் புடி.” அதே கண்ணாடியை மொபைலில் எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். வேலை முடிந்ததும் கடை முகப்புகளைப் படம் எடுப்பேன். நாட்டின் கிழக்கோரத்தில் கிடந்துகொண்டு சென்னையின் கடிகாரப்படி வாழ்கிற ஊர் இது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். பகலில் கண்ணாடி தெருவைத்தான் காட்டும். வெளியே இருட்டி உள்ளே விளக்கு எரிந்தால் கடையைக் காட்டும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம், பொம்மை உடுத்திய பட்டுச் சேலைக்குள் ஆட்டோவும் மணிக்கூண்டும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையும் ஒன்றாகத் தெரியும். எனக்கு வேண்டியது அந்தப் பொழுது. கடைகளில் கூட்டம் சேரும் நேரமும் அதுதான்.

கடைக்காரரின் சந்தேகம் வெறும் குணக்கேடு இல்லை. புதிதாக இறக்கிய டிசைனை எவரும் படம் பிடித்துப் போய்விடலாம். நடைபாதைக்கு நீட்டிய பலகையைப் படம் எடுப்பவர் ஆக்கிரமிப்பு நோட்டீஸோடு வரலாம். சங்கு, சிப்பிப் பொருள் விற்பவருக்குக் கவலை இன்னும் அதிகம். 2001இல் பல சங்கு, சிப்பி இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உரிமத்தோடு விற்பவர்கூடக் கேமராவைக் கண்டால் வனத்துறையைத்தான் நினைப்பார்.

இந்தத் தீவுகளுக்குக் கேமராவோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடலை அளப்பதற்கென்றே படம் எடுத்தார். அந்தப் படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 2012 ஜனவரியில், ஜாரவா பழங்குடிப் பெண்களை உணவுக்காக ஆட வைத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவி நம்மைத் தலைகுனிய வைத்தது. அவர்களைப் படம் எடுப்பது குற்றம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. கடற்படை இடங்களுக்கும் தடை உண்டு. ‘படம் எடுக்காதே’ என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆனால் காட்டுக்கும் ராணுவத்துக்கும் பொருந்துகிற ‘கூடாது’ பஜாருக்குள்ளும் நுழைந்துவிட்டது. தெருவில் நின்று கடை முகப்பைப் படம் எடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஷோகேஸ் வைப்பதே நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே?

விளைவு என்ன? செல்லுலார் சிறைக்கும் ராதாநகர் கடற்கரைக்கும் படங்கள் குவிந்து கிடக்கின்றன. இங்கே பிழைக்க வந்து நிலைத்த தமிழரும் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் எதை விற்றோம், எதை உடுத்தினோம் என்பதற்குத் தேடினாலும் சில படங்கள்தான் அகப்படும். சரக்குக் கப்பல் தாமதமானால் எங்கள் அலமாரிகளில் வெற்றிடம் தெரியும். துர்கா பூஜைக்கும் தீபாவளிக்கும் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒரே பொம்மை துணி மாற்றி நிற்கும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. பழைய பெயர் தாங்கிய கடைப் பலகைகள் ஒவ்வொன்றாக மாறிவிடும். அவற்றை இப்போது எடுக்காவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

மறையப்போவதை எடுத்து வைக்கும் இந்த வேலையைத்தான் பாரிஸில் யூஜின் அட்ஜே என்ற புகைப்படக்காரர் செய்தார். தன் படங்களை ஆவணம் என்றே சொன்னார். நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றார். 1925இல் கோபலான் அவென்யூவில் அவர் எடுத்த ஆயத்த ஆடைக் கடை ஜன்னலில், கோட்டு போட்ட பொம்மைகளுக்கு மேலே எதிர்ப்பக்கத்துக் கட்டடம் படிந்திருக்கும். துணி விலையும் தெருவும் ஒரே சட்டகத்தில் மிஞ்சின.

படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியில் பொருள் மட்டும் தெரிவதில்லை. பின்னால் நிற்கும் பெண்ணும், உள்ளே குனிந்து துணி மடிக்கும் விற்பனைப் பிள்ளையும் தெரிவார்கள். கடை தன்னைக் காட்டத்தான் கண்ணாடி போட்டது. அவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் கண்ணாடிக்குச் சாய்வாக நின்றால்தான் நன்றாக வேலை செய்யும், நேராக நின்றால் இல்லை. ஆகவே முகம் விழும் என்று வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதைத் தெருவில் நிற்கும்போதும் மறக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் மறைந்து நின்று ஜூம் செய்வதைவிட, கடை வாசலிலேயே கேமரா தெரிய நிற்பது மேல். எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்டினால் பாதிச் சந்தேகம் தீரும். “என் மூஞ்சி வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் அழித்துவிடுவது மீதியைத் தீர்க்கும்.

கேள்வி கேட்பதை நிறுத்துங்கள் என்று கடைக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. ‘எதுக்கு?’ என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை அனுப்பிவிடுங்கள். பதில் சொல்கிறவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தேதி போட்டு ஒரு பிரதி. பாதி கடைக்காரர்களிடம் தங்கள் கடையின் பழைய முகப்புப் படம் ஒன்றுகூட இல்லை. என்னைப் போன்றவர்கள் அந்தக் கடனைச் செலுத்தட்டும்.