வாங்கிய பெட்டிக்குச் சாவி யாரிடம்?

சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கையில் ஒரு துணிப்பை. உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர், வீடு மாறிப் போகும்போது இவர் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"அண்ணாச்சி, பையன் இதிலே ஏதோ வெளிப் புரோகிராம் போடணுங்கான். காசு கிடையாதாம், சும்மாவே கிடைக்குமாம். சும்மா கிடைக்குதுன்னா திருட்டுச் சாமான்தானே? நாளைக்குப் போலீஸ் கேஸ்னு வந்தா நாம எங்கே போறது? பிழைக்க வந்த இடம்" என்றார்.

வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்பது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய எச்சரிக்கை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் இதை எழுதத் தூண்டியது. நகரத்தில் ஒரு கடையில், ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தால் நூறு விளையாட்டுகளை ஏற்றித் தருகிறோம் என்றார்களாம். "அது கடை. போர்டு இருக்கு, ரூபாய் வாங்குறான். அதிலே தப்பு இருக்காது. பையன்தான் வேண்டாங்கான்" என்றார்.

நண்பர் கணக்கில் கெட்டிக்காரர். இந்த ஒரு கணக்கை மட்டும் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

பையன் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டில் காய்ச்சிய சரக்கு என்று அர்த்தம். நல்ல வேளை, நண்பருக்கு அந்த அர்த்தம் தெரியாது! கம்பெனியின் அனுமதி முத்திரை இல்லாமல், ஆர்வமுள்ளவர்கள் தாமே எழுதி இலவசமாகக் கொடுக்கும் புரோகிராம்கள் இவை. படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, கோப்புகளை ஒழுங்குபடுத்த ஒன்று, சொந்தமாக எழுதிய சிறு விளையாட்டுகள் என்று பலவிதம். எழுதியவனே கொடுப்பதால் இதில் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரர் ஏற்றித் தருவதாகச் சொன்ன நூறு விளையாட்டுகளோ பிறர் உழைப்பு. உரிமையாளருக்கு ஒரு காசு போகாமல் இவர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். 2009-இல் ஹைதராபாத்தில் இதே பெட்டிக்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று ஒரு விளையாட்டைத் தயாரித்தார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளின் உழைப்பும் அந்த நூறோடு நூறாகப் போகக்கூடும்.

சட்டத்தைப் பார்ப்போம். நான் வக்கீல் அல்ல, படித்ததைச் சொல்கிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது அது. இதைக் கேட்டதும் நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவிலேயே, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. பிறர் சரக்கைத் திருட அல்லாமல், தான் எழுதியதைத் தன் பெட்டியில் ஓட்டிப் பார்ப்பவனுக்கு அந்த நோக்கம் ஏது? மேலும் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கம்ப்யூட்டர் புரோகிராமைச் சொந்த உபயோகத்துக்காக, லாப நோக்கமின்றிப் பிரதி எடுக்கவும் மாற்றி அமைக்கவும் இடம் கொடுக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகிப்பவனுக்கு 63பி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆக, போர்டு மாட்டிய கடை காட்டிய வழிதான் வம்பான வழி.

இனிப் பெட்டியின் விஷயம். சோனி கம்பெனி இதை 2000-இல் வெளியிட்டது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. 2013 ஜனவரியில் உற்பத்தி நின்ற செய்தி வந்தது. புதுத் தட்டுகள் இன்று கடைகளில் வருவதில்லை. லென்ஸும் வருஷக்கணக்கில் ஓடித் தேய்கிற பண்டம். அதோடு பெட்டியைக் குப்பையில் போடவேண்டியதுதானா? உள்ளே இருப்பது விநாடிக்கு ஏறத்தாழ 30 கோடித் துடிப்புள்ள மூளை, 32 மெகாபைட் நினைவகம். இன்றைய கைப்பேசியோடு பார்த்தால் அற்பம்தான். ஆனால் ஒரு பையன் தொழில் கற்க இது தாராளம்.

பூட்டு திறக்கும் விதமும் சுவையானது. பெட்டியை இயக்கியதும், 8 மெகாபைட் நினைவு அட்டையில் ஏதேனும் புதுத் திருத்தம் இருக்கிறதா என்று அதுவாகவே தேடும். கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்த வாசல் அது. 'ஃப்ரீ மெக்பூட்' என்ற புரோகிராம் அந்த வாசல் வழியாகவே உள்ளே போகிறது. மூடியைக் கழற்ற வேண்டாம், சால்டரிங் வேண்டாம். அட்டையை உருவிவிட்டால் பெட்டி பழையபடியே ஆகிவிடும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர் பெட்டியில் நம் அட்டையைச் சொருகிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக வந்த 90000 வரிசைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வாசலை அடைத்துவிட்டார்கள். அவற்றுக்கு 2020-இல் டி.வி.டி. தட்டு மூலமாக வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

எல்லாப் பெட்டியும் இப்படிச் சாது அல்ல. நிண்டெண்டோ வீ போன்றவற்றில் உள் நினைவகத்திலேயே எழுதவேண்டி வரும். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். நம் ஊர் மழைக்கால கரண்ட்டை நம்பி அதில் கை வைக்கக்கூடாது.

கம்பெனிகள் இதை எப்போதும் எதிர்த்தன என்றும் சொல்லமுடியாது. 2002-இல் சோனியே இந்தப் பெட்டிக்கு லினக்ஸ் தொகுதி ஒன்றை, கீபோர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்த்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 3-இலும் லினக்ஸ் போட இடம் கொடுத்தது. அமெரிக்க விமானப்படை 1,760 பெட்டிகளை ஒன்றாகக் கோத்து ஒரு ராட்சதக் கம்ப்யூட்டரே கட்டியது. பின்பு 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த திருத்தத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பின் ஒரு வசதியைத் திரும்பப் பறிப்பது எந்த ஊர் வியாபார தர்மம்? சாலைக் கடைத்தெருவில் யாராவது விற்ற அரிசியில் கால் படியைப் பிறகு வந்து அள்ளிப் போனால் சும்மா விடுவோமா?

காலால் மிதிக்கும் தையல் மெஷினை வாங்கிய தையற்காரர் அதில் மோட்டார் பொருத்திக்கொள்கிறார். தயாரித்தவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கவா போனார்? ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டினோம். அது சர்க்கார் விதித்த கட்டு, பிற்பாடு சர்க்காரே நீக்கியது. கம்பெனி போட்ட பூட்டை யார் நீக்குவது?

2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு இனங்களை எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பெட்டியைத் தனியாகச் சொல்லவில்லை. வெறும் ஸ்குரூவும் உதிரிபாகமும் போதாது. ஒரு சாதனத்தின் உற்பத்தியையும் உதவியையும் நிறுத்தும் கம்பெனி, அன்றே அதன் பூட்டையும் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வரவேண்டும். நிண்டெண்டோ தன் வீ கடையை 2019-இலும், 3டிஎஸ் கடையை 2023-இலும் மூடியது. கடையை மூடுகிறவர் சாவியை மட்டும் ஏன் கொண்டுபோக வேண்டும்?

இதைப் பேச இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில்தான். கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட 'கைட்' நிறுவனம் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' சங்கத்தில் நண்பரின் மகனும் உறுப்பினன். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில், திற, பார், மாற்று என்று கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா தொடாதே என்கிறார். பையன் பாடு திண்டாட்டம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்போ கடைக்காரன்ட்ட போகவேண்டாம், இல்லியா?" என்றார். வேண்டாம் என்றேன். பெட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தோம். 77000 வரிசை, அட்டை வேலை செய்யும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தெரிந்த பையனிடம் அப்படியொரு அட்டை இருக்கிறது. அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். லூவா என்ற எளிய மொழியில் மகன் ஒரு சிறு புரோகிராம் எழுதி நோட்டில் வைத்திருக்கிறானாம். கடைக்கு வந்த மூட்டைக் கணக்கைக் கூட்டி டி.வி.யில் காட்டும் புரோகிராம் அது. விளையாட்டே இல்லை. அப்பாவுக்காகத்தான் எழுதியிருக்கிறான், இன்னும் அவரிடம் சொல்லவில்லை.