டியூஷன் ஃபீஸ் என்றால் மாலை வகுப்பு அல்ல!



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து தாம்பரம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சகோதரர் வந்தார். முடிச்சூர் பக்கம் சொந்த வீடு. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பழைய ஃபாரம் 16. "ஹஜ்ரத், வரி பிடித்தார்கள். நான் ரிட்டர்ன் போடவே இல்லை. பரவாயில்லையா?" என்று கேட்டார்.

மதரஸாவில் ஓதியவனுக்கு வருமான வரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஃபராயிள் படித்தவனுக்குப் பங்கும் பின்னமும் புதிதல்ல சகோதரர்களே! காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். 2021-22 ஆம் நிதியாண்டு. சம்பளம் 7 லட்சம். பி.எஃப். பிடித்தம் 40,000. "டியூஷன் ஃபீஸ்" என்ற இடத்தில் பூஜ்யம்.

"பிள்ளைகளுக்கு அந்த வருடம் எவ்வளவு ஃபீஸ் கட்டினீர்கள்?"

"இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

"அப்படியானால் இங்கே ஏன் எழுதவில்லை?"

அவர் சொன்ன பதிலைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "டியூஷனுக்கெல்லாம் அனுப்புவதில்லை ஹஜ்ரத். பிள்ளைகளுக்கு அவர்கள் உம்மாவே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறாள்."

விஷயம் புரிகிறதா? நம் ஊரில் டியூஷன் என்றால் மாலை ஐந்து மணிக்கு மாடியில் நடக்கும் வகுப்பு. வரிச் சட்டத்தில் டியூஷன் ஃபீஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நாம் கட்டுகிற கல்விக் கட்டணம். ஒரு சொல்லை நாம் ஒரு விதமாகவும் சட்டம் வேறு விதமாகவும் வைத்திருப்பதால் அவருக்குப் போனது எவ்வளவு? கணக்குப் போடுவோம். 7 லட்சத்தில் நிலைக் கழிவு 50,000 போனால் 6,50,000. பி.எஃப். 40,000 போனால் 6,10,000. அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 35,880 ரூபாய். பள்ளிக் கட்டணம் 1,10,000-ஐயும் கழித்திருந்தால் சரியாக 5 லட்சம். அந்த ஆண்டு 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு வரித் தள்ளுபடி இருந்தது. ஆக, கட்டவேண்டிய வரி பூஜ்யம்! ஒரு வரியை நிரப்பாததால் 35,880 ரூபாய். பிள்ளைகளின் பல மாதப் பள்ளிக் கட்டணம் அது.

இது நேற்று வந்த சலுகை அல்ல. 2003 பட்ஜெட்டில் பழைய 88-வது பிரிவின் கீழ் ஒரு பிள்ளைக்கு 12,000 ரூபாய் வீதம் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2005-ல் ப.சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது அந்தப் பிரிவை எடுத்துவிட்டு 80சி-யைக் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்றார்கள். 2014-ல் அது ஒன்றரை லட்சமானது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் 80சி-யின் இடத்தில் 123-வது பிரிவு இருக்கிறது. ஆடிட்டர் 123 என்று சொன்னால் விழிக்காதீர்கள்.

இங்கேதான் நம் சமுதாயத்தின் கதை வருகிறது. 80சி என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? எல்.ஐ.சி., என்.எஸ்.சி., ஐந்து வருட வங்கி டெபாசிட். "அதெல்லாம் வட்டி, நமக்கு வேண்டாம்" என்று அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுகிறோம். வட்டியை விட்டு விலகும் சகோதரரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே பட்டியலில், அந்த டெபாசிட்டுக்குப் பக்கத்திலேயே, வட்டியின் வாடை கூட இல்லாத பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறதே! அதையும் சேர்த்துத் தள்ளிவிடுவது பேணுதலா, கவனக்குறைவா? கல்விக் கடன் வட்டிக்கு வேறு ஒரு கழிவு உண்டு. அதன் பக்கம் நான் போகவில்லை. வங்கியில் கடன் வாங்காமல், கடை வருமானத்திலும் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து ஃபீஸ் கட்டுகிற தகப்பனுக்குச் சட்டம் வைத்த இடம் இது.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன். முழு நேரப் படிப்பாக இருக்க வேண்டும். இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். துபாயில் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு இது கிடையாது. ஆனால் துபாயில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வண்டலூரிலோ சேலையூரிலோ படிக்க வைத்து, குரோம்பேட்டையில் வீட்டு வாடகை வாங்குகிறவருக்கு உண்டு. எல்.கே.ஜி.க்கு முந்தைய மழலையர் வகுப்பும் சேரும். பலருக்கு இது தெரியாது. நன்கொடை, வளர்ச்சி நிதி, வேன் கட்டணம், சீருடை ஆகியவை சேராது. மாலை டியூஷனும் சேராது! உங்கள் பிள்ளைக்குத்தான். தங்கைக்கும் தம்பி மகனுக்கும் நீங்கள் கட்டினால் அல்லாஹ்விடம் கூலி உண்டு, வரித்துறையிடம் இல்லை.

எத்தனை பிள்ளைகள்? ஒருவருக்கு இரண்டு. "ஹஜ்ரத், எனக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு பேருக்கு இல்லையா?" என்று கேட்பவர்கள் கவனிக்கவும். இரண்டு என்பது வீட்டுக்கு அல்ல, வரி கட்டும் ஆளுக்கு. உங்கள் மனைவி ஆசிரியையாக, மருத்துவராகச் சம்பாதித்து வரி கட்டுகிறார் என்றால் இரண்டு பிள்ளைகளின் கட்டணத்தை அவர் பணத்திலிருந்து கட்டட்டும், அவர் கணக்கில் கழிக்கட்டும். மற்ற இரண்டும் உங்கள் கணக்கில். இதில் எந்தத் தந்திரமும் இல்லை.

இப்போது வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. சண்முகம் சாலைக் கடைக்காரரும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சரக்கு எடுப்பவரும், நாகல்கேணியில் தோல் தொழில் செய்பவரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள்: "நாங்கள் 44 ஏடி-யில் விற்றுமுதலுக்கு எட்டு சதவீதம், ஆறு சதவீதம் என்று லாபம் காட்டுகிறோம், எங்களுக்கு எந்தக் கழிவும் கிடையாது." தவறு! அந்த முறையில் கடைச் செலவுகளைத் தனியாகக் கழிக்க முடியாது என்பதுதான் விதி. பிள்ளையின் கட்டணம் கடைச் செலவு அல்ல. அந்த லாபத்திலிருந்து பிறகு கழிக்கப்படுவது அது.

ஆனால் ரசீது எங்கே? ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பள்ளி அலுவலகத்தில் ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை எழுதித் தருகிறார்கள். வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறோம். சட்டை துவைக்கப் போகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகரா 282 தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்று மேடையில் எத்தனை முறை பேசியிருக்கிறேன்! கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ரசீது கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். கல்விக் கட்டணம் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் குழு வைத்து நிர்ணயிக்க 2009-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ரசீது கேட்பது பிச்சை அல்ல.

இல்லாத ரசீதை உண்டாக்கித் தருகிறேன், ரீஃபண்டில் எனக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிழல் கூட உங்கள் மீது படக்கூடாது. 2025 ஜூலை 14 அன்று வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இப்படிப் பொய்க் கழிவு காட்டுகிறவர்களைத் தேடிப் போனது. தமிழ்நாடும் அதில் இருந்தது. மாட்டினால் அபராதம் என்பது ஒரு பக்கம். மாட்டாவிட்டாலும் அந்தப் பணம் நம் வீட்டுச் சோற்றில் கலக்குமே! நம்முடையதை விடவும் கூடாது, நம்முடையதல்லாததைத் தொடவும் கூடாது.

இனி கசப்பான செய்தி. 2023-24 முதல் 'புதிய முறை' என்பதுதான் இயல்பான முறை ஆகிவிட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதில்தான் போடுவார்கள். அதில் பள்ளிக் கட்டணத்துக்கு இடமே இல்லை. 2025-26 கணக்குப்படி 12 லட்சம் வரை, சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை, புதிய முறையில் வரி இல்லை. அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை அதற்கு முந்தைய ஆண்டுகளுக்காக மட்டும் படித்தால் போதும். அதற்கு மேல் உள்ளவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 15 லட்சம் சம்பளம் என்றால் புதிய முறையில் 97,500 ரூபாய். பழைய முறையில் அதைவிடக் குறைய வேண்டுமென்றால் நிலைக் கழிவு போக இன்னும் சுமார் 5,44,000 ரூபாய்க்குக் கழிவு வேண்டும். பள்ளிக் கட்டணம் ஒன்றரை லட்சத்தோடு நின்றுவிடும். வீட்டு வாடகை போன்ற மற்றவை பெரிதாக இருந்தால்தான் எட்டும். வியாபாரிகள் பழைய முறைக்குப் போக 10 ஐ.இ.ஏ. படிவத்தைக் கெடுவுக்குள் தர வேண்டும். விட்டுத் திரும்பினால் மறுபடி அந்த வாசல் திறக்காது. அவசரப்பட வேண்டாம்.

வரம்பை உயர்த்தியது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே என்ன ஆகிறது? ஓ.எம்.ஆரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞரும், அதே சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தகப்பனும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். கட்டுகிற வரியின் மேல் 4 சதவீதம் 'சுகாதாரம், கல்வி' செஸ் வேறு. கல்விக்கென்று நம்மிடம் வாங்குகிறார்கள், நாம் கல்விக்குச் செலவழிப்பதைப் பார்க்க மறுக்கிறார்கள். என்ன நியாயம் இது? 1958-59-ல் இதே நாட்டில் மணமானவருக்கு 3,000 ரூபாய், ஒரு பிள்ளை இருந்தால் 3,300, இரண்டு இருந்தால் 3,600 வரை வரி இல்லை என்று வைத்திருந்தார்கள். மலேசியாவில் கடை வைத்திருக்கும் உங்கள் மச்சானைக் கேளுங்கள், 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 2,000 ரிங்கிட் கழிவு உண்டு. சிங்கப்பூரில் 4,000 வெள்ளி. இரண்டு முறையிலும் பள்ளிக் கட்டணத்துக்கு இடம் கொடு, 2014-ல் வைத்த ஒன்றரை லட்சத்தை உயர்த்து, மற்ற முதலீடுகளோடு கலக்காமல் தனியாக வை என்று நாம் கேட்க வேண்டாமா? இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. பிள்ளை பெற்ற எல்லோருடையதும்தான். மெப்ஸ் வாசலில் கையெழுத்து வாங்கினால் எல்லாச் சமுதாயத்தாரும் போடுவார்கள்.

முடிச்சூர் சகோதரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வரி பிடிக்கப்பட்டு, ரிட்டர்ன் போடாமல் விட்டவர்கள் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுச் செய்யலாம். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம். 2021-22 கணக்குக்கு 2028 மார்ச் 31 வரை. உண்மையான காரணத்தைக் காட்ட வேண்டும், கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் தாமதத்துக்கு வட்டி கிடையாது. நமக்கு அது வேண்டவும் வேண்டாம். அவர் பள்ளிக்குப் போய் அந்த ஆண்டின் கட்டணத்துக்குப் பிரித்து எழுதிய சான்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.